ஃப்ளெக்ஸுக்கு ஏறிய மலை

உக்காருங்க அண்ணாச்சி, தாராளமா உக்காருங்க. எம்மூஞ்சியப் பாத்து யோசிக்காதீங்க, ஒட்டுவாரொட்டி எல்லாம் இல்ல. வெயில் பட்டுத் தோலு உரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். கண்ணச் சுத்தி மட்டும் வெளுப்பா இருக்குல்லா, அது கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த எடம். காலைல விசேச வீட்டுல ஒரு கைப்பிள்ளை என்னப் பாத்து வீல்னு கத்திட்டு. அதுக்கு நீங்க தேவல.

இது நம்மூரு வெயிலு இல்ல. நம்மூரு வெயிலுக்கு இந்தத் தோலு அம்பத்திரண்டு வருசமா அசரல. இது பனி மேல அடிச்சு எதுத்து வார வெயிலு. ஆமா, பனிதான். மணாலிக்கு அந்தப்பக்கம், மாசிக் கடைசில, பலகையக் காலுல கட்டிட்டு மலை ஏறப் போனேன். நானேதான். சிரிச்சுக்கிடுங்க, தப்பில்ல. எங்க தெருவே சிரிச்சு ஓஞ்சிட்டு.

பாளையங்கோட்டையில கோமதி டிரைவிங் ஸ்கூல்னு போர்டு பாத்திருப்பீங்க. வெள்ளைக் காரு, மண்டை மேல செவப்பு எழுத்து. அது நம்மதுதான், எம்பேரு கோமதிநாயகம். இருபத்தேழு வருசமா அடுத்தவனுக்கு பிரேக் போடச் சொல்லிக் குடுக்கதுதான் எனக்குச் சோலி. எங்க காருல பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு, அதுல எப்பவும் எங்காலு இருக்கும். அவ்வளவு கவனமான ஆளு நான். இத மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தக் கேளுங்க. கோவில்பட்டில எடுத்த பஸ்சு, நெல்வேலி போய்ச் சேருததுக்குள்ள முடிச்சிருதேன்.

எனக்கு ஒரே ஒரு குறைதான், எம்மச்சினன் மேல. எம்பொண்டாட்டியோட தம்பி, பேரு பாலவேசம். தங்கமான பய. அவன் எங்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிருக்கணும், ‘வேண்டாம் அத்தான்’னு. அத அவன் சொல்லாமப் போனதுனால பனிக்குள்ள பொதைஞ்சு சாவக் கெடந்தான். பதினோரு நிமிசம். இருவது நாளாப் போற எடம் வார எடமெல்லாம் இதத்தான் கேக்கேன். அவன் சொல்லிருக்கணுமா, இல்லையா? நீங்களும் கேட்டுட்டு ஒரு நாயம் சொல்லுங்க.

பாலவேசம் பட்டாளத்துல பதினேழு வருசம் இருந்தான். பூராவும் பனி மலைதான். வந்த பொறவும் ஊருல காலு தரிக்கல. மணாலியில அங்ரூப்னு ஒரு மலைக்காரனோட கூட்டுச் சேந்து, ஆளுங்கள மலைக்குக் கூட்டிட்டுப் போற வேலை பாக்கான். லிஃப்டுல மேல போயி வழுக்கி வாரது ஒரு வகை, அது பணக்காரப் பிள்ளைக வெளையாட்டு. இவன் வேலை வேற. நீளப் பலகை ரெண்டையும் காலுல மாட்டிட்டு, ஆளு அரவம் இல்லாத மலையில நடந்தே ஏறணும். ஏறி முடிச்ச பொறவு அதே பலகையில வழுக்கி எறங்கணும். ஏற நாலு மணி நேரம், எறங்க அரை மணி நேரம். கோட்டிக்காரச் சோலின்னு தோணுதுல்லா? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

அவன் எப்படிப்பட்டவன்னா, ஒண்ணு சொல்லுதேன். ஒரு தடவ குடும்பத்தோட திருச்செந்தூர் போறோம். அவன்தான் வண்டி ஓட்டுதான். தூத்துக்குடி தாண்டி ஒரு முக்குல நான் ‘எடது பக்கம் போலே’ன்னேன். எடது பக்கம் போனா உப்பளம். அவனுக்கு நல்லாத் தெரியும். ‘சரி அத்தான்’னுட்டுத் திருப்பினான். பாத்தி வரப்புல போயி வண்டி நின்ன பொறவுதான், ‘அத்தான், இது வழி இல்ல போலுக்கே’ங்கான். அப்பவும் ‘போலுக்கே’தான்! எங்க மாமனார் வீடு அப்படி. மூத்த மாப்பிள்ளை வாயிலருந்து ஒண்ணு வந்துட்டா அதுக்கு மறுப்பு கெடையாது. நான் எலையில உக்காராம ஒருத்தரும் உக்கார மாட்டாவ. நான் உப்பில்லன்னு சொன்னா, உப்புக் கரிக்குத கொழம்புல இன்னும் ஒரு கரண்டி உப்பு போடுவாவ. அது எனக்குப் பெருமையாத்தான் இருந்துது. யாருக்குத்தான் இருக்காது?

போன ஆவணியில ஒரு காது குத்து. அங்க பாலவேசம் செல்லுல படம் காட்டுதான், அவன் மலையில வழுக்கி வாரத. ஊரே வாயப் பொளந்துட்டு நிக்கி. எனக்குப் பொறுக்கல. ‘இதுல என்ன இருக்கு, பேலன்சுதான? சைக்கிள் ஓட்டத் தெரிஞ்சவனுக்கு மூணு நாளு சோலி’ன்னேன். எங்க மாமனார் சண்முகையா, மனுசன் வெத்தலையத் துப்பிட்டு, ‘மாப்பிள்ளை நெனைச்சா அதையும் செஞ்சிருவாரு’ன்னாவ. முடிஞ்சு போச்சு. அந்தச் சொல்லு எந்தோளுல ஏறி உக்காந்துட்டு. ‘வாங்க அத்தான், நான் சொல்லித் தாரேன்’னான் பாலவேசம். பொறவு அவன் வேற என்ன சொல்லுவான், பாவம்.

இன்னொண்ணும் செஞ்சேன். அது கொஞ்சம் வெக்கக்கேடு, இருந்தாலும் சொல்லுதேன். பங்குனியில மாமனாருக்குக் கோவில்பட்டில எண்பதாங் கல்யாணம் வச்சிருந்துது, அதான் இன்னைக்கு முடிஞ்சுது. அதுக்கு மண்டபத்து வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸ். நான் மணாலிக்கு ரயிலேறுததுக்கு முந்துன நாளே ஃப்ளெக்ஸ் கடையில போயி வாசகம் எழுதிக் குடுத்துட்டேன். ‘பனிச்சிகரம் தொட்ட பாளையங்கோட்டை மாப்பிள்ளையே வருக வருக.’ நடுவுல ஆளுயரத்துக்கு ஒரு எடம் காலியா விடச் சொன்னேன். உச்சியில நிக்க எம்படம் அதுல வரணும். மலையக் கண்ணால பாக்கல, ஃப்ளெக்ஸ் ரெடி. இப்படி ஒரு கூறு உலகத்துல எவனுக்கு உண்டு?

அங்க போயி பத்து நாளு பழகினேன். பழகினேன்னா, விழுந்தேன். முன்னால விழுந்தேன், பின்னால விழுந்தேன், நின்னுட்டு இருக்கும்போதே விழுந்தேன். அஞ்சு வயசுப் பொம்பளப்பிள்ளை ஒண்ணு எம்பக்கத்துல சர்ருன்னு போச்சு. நான் மல்லாந்து கெடக்கத எட்டிப் பாத்துட்டு நமஸ்தேன்னு சொல்லிட்டுப் போச்சு. மரியாதை தெரிஞ்ச பிள்ளை. பாலவேசம் பக்கத்துல நின்னு, ‘நல்லா வருது அத்தான், நல்லா வருது’ன்னே சொல்லிட்டு இருந்தான். அந்த லெச்சணத்துல வண்டி ஓட்டுதவன எங்க ஸ்கூல்ல நான் காதப் புடிச்சுத் திருகிருப்பேன்.

டப்பா ஒண்ணு குடுத்தான், சோப்பு டப்பா அளவு. அத உள்சட்டை மேல நெஞ்சுல கட்டிக்கிடணும். அது ரேடியோ. ‘நான் இங்கன இருக்கேன், இங்கன இருக்கேன்’னு ஓயாமச் சொல்லிட்டே கெடக்கும். பனி சரிஞ்சு யாரையாவது மூடிட்டா, மிச்ச ஆளுங்க அவங்கவங்க டப்பாவ உடனே தேடுத பக்கம் மாத்திரணும். அப்பத்தான் பொதைஞ்சவன் டப்பா மட்டும் கத்தும், எங்க கெடக்கான்னு தெரியும். மூணு தடவ சொல்லிக் குடுத்தான். நான் மூணு தடவயும் ‘தெரியும்லே, தெரியும்’னேன். மத்தவங்களா இருந்தா ‘எங்க, மாத்திக் காட்டு’ன்னு கேப்பானாம். அத்தானுக்குப் பரீட்சை வைக்க முடியுமா? வைக்கல.

ஏறும்போது வழுக்காம இருக்கதுக்குப் பலகைக்கு அடியில ஒரு துணிப்பட்டை ஒட்டணும். ஒரு பக்கம் பசை, இன்னொரு பக்கம் பொடி மயிரு. பூனை முதுக ஒரு பக்கமாத் தடவினா வழுவழுங்கும், எதுத்துத் தடவினா நிக்கும்லா, அதே கணக்கு. முன்னால தள்ளினா போவும், பின்னால சறுக்காது. ‘ராத்திரி இந்தப் பட்டைய சட்டைக்குள்ள வச்சுப் படுங்க அத்தான், பசை கதகதப்பா இருக்கணும்’னான். வச்சேன். ஆனா எனக்கு முட்டிவலி உண்டு. நெஞ்சுல சளி கட்டும்னு பயமும் உண்டு. வீட்டுலருந்து ஒரு போணி நல்லெண்ணெய் கொண்டு போயிருந்தேன். தெனமும் முட்டிக்கும் நெஞ்சுக்கும் மூஞ்சிக்கும் நல்லாச் சவுக்கத் தேச்சுட்டுத்தான் படுப்பேன். வெயிலுக்குன்னு அவன் வெள்ளைக் களிம்பு குடுத்தான், அதப் பூசல. நம்ம எண்ணெய்க்கு மிஞ்சினது உண்டான்னுட்டேன். மூஞ்சி வடகம் பொரிஞ்ச மாதிரி ஆனது அப்படித்தான். அது கெடக்கட்டும். எண்ணெய் தேச்ச நெஞ்சு மேல பசைப் பட்டைய வச்சுப் படுத்தேன் அண்ணாச்சி.

மலை ஏறுத நாளு. கூடாரத்துலருந்து விடிய நாலு மணிக்குக் கெளம்பணும், பத்து மணிக்கெல்லாம் சரிவ விட்டு எறங்கிரணும். அதுதான் கணக்கு. காலைல பனி பாறையா இருக்கும். வெயில் ஏற ஏற எளகும், மேல இருக்க அடுக்கு கீழ இருக்க அடுக்க விட்டுக் கழண்டுக்கிடும். இதெல்லாம் அவன் சொன்னதுதான். நானும் தலைய ஆட்டிக் கேட்டதுதான். நாலு மணிக்குப் பட்டைய எடுத்து ஒட்டுதோம், ஒட்ட மாட்டேங்கி. நல்லெண்ணெய் வாசம் கமகமங்கு. அங்ரூப் மோந்து பாத்துட்டு என்ன ஒரு பார்வை பாத்தான். பாலவேசம் குந்தி உக்காந்து பசையச் சொரண்டி, துடைச்சு, டேப்பு போட்டுச் சுத்திக் குடுத்தான். கெளம்பும்போது மணி ஆறு. வழியில ரெண்டு தடவ டேப்பு பிஞ்சுது, அங்கனயும் நின்னு சுத்தினான். ஒரு சொல்லு கடிஞ்சு பேசல.

பத்தரை மணிக்கு உச்சிக்குக் கீழ கடைசிச் சரிவுல நிக்கோம். எறங்கிருக்க வேண்டிய நேரம். பாலவேசம் அண்ணாந்து பாத்தான். ஊணிட்டு வந்த குச்சியத் திருப்பிப் பனிக்குள்ள குத்தினான், சுளுவா உள்ள போச்சு. அங்ரூப் என்னமோ இந்தியில சொல்லுதான். கையக் கத்தி மாதிரி வெட்டி வெட்டிச் சொல்லுதான்.

‘என்னலே சொல்லுதான்?’ன்னேன்.

‘கொஞ்சம் வெயில் ஏறிட்டுங்கான் அத்தான்.’

‘வெயிலு நமக்குப் புதுசாலே?’

அப்பம் எம்மச்சினன் கேட்டத வார்த்தைக்கு வார்த்தை சொல்லுதேன் கேளுங்க. ‘அத்தான், இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விசயந்தான். என்ன செய்வோம்? நீங்க சொல்லுங்க.’

நீங்க சொல்லுங்கன்னுட்டான்! இருவது வருசம் பனியில கெடந்தவன், பத்து நாளு பனியில விழுந்தவங்கிட்ட கேக்கான். நான் என்னத்தச் சொல்லுவேன்? உச்சி கண்ணுக்கு முன்னால தெரியுது, கோவில்பட்டில ஃப்ளெக்ஸ் காலியா நிக்கி. ‘ஏறுவோம்லே’ன்னேன். ‘சரி அத்தான்’னான். அங்ரூப் காறித் துப்பினான். அத நான் மலைக்குக் கும்பிடு போடுத அவங்க வழக்கம்னு நெனைச்சேன்.

உச்சிக்குப் போய்ச் சேந்தது பன்னெண்டேகால். ஏறினேன்லா! அத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. உடனே எறங்கிருக்கணும். நான் பையிலருந்து பட்டு வேட்டிய எடுத்தேன். அந்தக் கால்சட்டைக்கு மேலயே கட்டினேன். கையக் கூப்பிக்கிட்டு நின்னேன், பாலவேசம் படம் எடுத்தான். ஒண்ணுல கண்ண மூடிட்டேன். ஒண்ணுல வேட்டி காத்துல பறந்து மூஞ்சிய மறைச்சுட்டு. ஒண்ணுல தொப்பை. இன்னொண்ணு எடு, இன்னொண்ணு எடுன்னு அரை மணி நேரம். அங்ரூப் கடியாரத்தப் பாக்கான், சரிவப் பாக்கான், என்னப் பாக்கான்.

எறங்கும்போது பாலவேசம் முன்னால போனான். போறதுக்கு முன்னால எங்கிட்ட வந்து, ‘அத்தான், நான் கீழ அந்தப் பாறைக்கு மறுபக்கம் ஒதுங்கி நின்னுட்டுக் கையத் தூக்குதேன். அதுக்குப் பொறவு நீங்க வரணும். அது வரைக்கும் அசையக் கூடாது, என்ன அத்தான்?’ன்னான். அதுதான் அவன் எங்கிட்ட கொஞ்சம் அழுத்திச் சொன்னது. அதையும் ‘என்ன அத்தான்’னு கேள்வியாத்தான முடிச்சான்? உத்தரவாச் சொல்லலையே!

அவன் பாதிச் சரிவு போயிருப்பான். அங்ரூப் எம்பின்னால குனிஞ்சு பூட்ஸ இறுக்கிட்டு இருக்கான். எனக்குக் குளிரு. அவன் போற அழகப் பாத்தா அவ்வளவு லேசாத் தெரியுது. எப்பம் கையத் தூக்கி, எப்பம் நான் போறது? மச்சினன் கை காட்டினாத்தான் மாப்பிள்ளை வரணுமான்னு ஒரு நெனைப்பு. இத இன்னைக்குத்தான் வாய்விட்டுச் சொல்லுதேன். கெளம்பிட்டேன்.

பத்து அடி போயிருக்க மாட்டேன், பொத்துன்னு உக்காந்தேன். நூறு தடவ உக்காந்திருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல. அன்னைக்கு அடியில ‘தும்’முன்னு ஒரு சத்தம், வயித்துக்குள்ள கேட்டுது. எங்காலுக்கு முன்னால சரிவுக்குக் குறுக்க ஒரு கோடு ஓடுச்சு, பாலாடை கிழியுத மாதிரி. கோட்டுக்குக் கீழ இருந்த மலை பூராவும் நகந்துது. நான் கோட்டுக்கு மேல வேட்டியோட உக்காந்திருக்கேன், எனக்கு ஒரு சிராய்ப்பு இல்ல. கீழ அவன் திரும்பி அண்ணாந்து பாத்தான். என்னத்தான் பாத்தான். அந்தால அவனக் காணல.

அங்ரூப் என்னத் தாண்டிப் பாஞ்சு எறங்கினான். நான் குண்டியாலயே வழுக்கிட்டுப் போனேன். கீழ ஒரே பனிக்கட்டிக் குவியல், உழுது போட்ட கரிசக்காடு மாதிரி. அங்ரூப் டப்பாவக் கையில புடிச்சுட்டுக் குறுக்க நெடுக்க ஓடுதான். நான் ‘பாலவேசம், பாலவேசம்’னு அவயம் போட்டுட்டு அவன் பின்னாலயே ஓடுதேன். டக்குன்னு நின்னான். டப்பாவப் பாத்தான், திரும்பினான், நேரா எங்கிட்ட வந்தான். அந்த டப்பா என்னயக் காட்டுது அண்ணாச்சி. பொதைஞ்சு கெடக்கவன விட்டுட்டு, குத்துக்கல்லு மாதிரி நிக்க என்னயக் காட்டுது. எந்நெஞ்சுல இருந்தது ‘நான் இங்கன இருக்கேன், இங்கன இருக்கேன்’னு கத்திட்டே கெடக்கு. நான் மாத்தல. எப்படி மாத்தணும்னே எனக்குத் தெரியல. எஞ்சட்டையப் பிச்சு, அத அமத்திட்டு, என்ன ஒரு தள்ளு தள்ளிட்டு ஓடினான். மூணு நிமிசம் என்னால போச்சு.

பொறவு அங்ரூப் கையில இருந்த டப்பா கத்துச்சு. நீளக் கம்பியப் பனிக்குள்ள எறக்கினான், இடுப்பளவு ஆழத்துல தட்டுச்சு. தோண்டினோம். எம்முதுகுல ஒரு சின்ன மம்பட்டி இருந்துது, அது ஞாபகமே வரல, கையாலயே பறண்டினேன். மொதல்ல கையுறை தெரிஞ்சுது. பொறவு தலை. மூஞ்சி நீலம் பாஞ்சு கெடந்துது, வாய் நெறைய பனி. அங்ரூப் வெரல விட்டு எடுத்துட்டு ஊதினான். நான் மச்சினன் கையப் புடிச்சுட்டு உக்காந்திருக்கேன். எம்பொண்டாட்டிட்ட என்ன சொல்லுவேன், அந்தக் கெழவரு எண்பதாங் கல்யாணத்துல என்னத்தப் பாத்து உக்காருவாரு? செத்துருவோம்னு தோணுச்சு எனக்கு. மூணாவது ஊதுல இருமினான்.

பதினோரு நிமிசம்னு அங்ரூப் கடியாரத்தக் காட்டினான். பாலவேசம் கண்ண முழிச்சான். என்னத் தேடிப் பாத்துட்டு மொத வார்த்தை சொல்லுதான், ‘அத்தான், ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?’

என்ன ஆவும் எனக்கு? இடிச்சு வச்ச புளி மாதிரி நிக்கேன்.

ஆசுபத்திரியில தோளுப்பக்கம் காறை எலும்பு முறிவுன்னு கட்டுப் போட்டாவ. அங்ரூப் வந்து எம்முன்னால நின்னு பத்து நிமிசம் இந்தியில பேசினான். எனக்கு ஒரு எழுத்து தெரியாது, ஆனா நர்சு வெளிய போயிட்டா. ‘என்னலே சொல்லுதான்?’னு கேட்டேன். கட்டில்ல படுத்துட்டு எம்மச்சினன் மொழிபெயர்க்கான், ‘பாத்துப் பத்திரமா ஊருக்குப் போங்கங்கான் அத்தான்.’

அங்கனயே வச்சு அப்பாவுக்குப் போனப் போட்டான். ‘பனி சரிஞ்சுட்டுப்பா. அத்தான்தான் தோண்டி எடுத்தாவ.’ நான் பக்கத்துலதான் நிக்கேன். செல்ல வாங்கி ‘அப்படி இல்ல மாமா’ன்னு சொல்லிருக்கலாம். சொல்லல. ஆப்பிளு தின்னுட்டு இருந்தேன்.

அந்தால ஊருல ஃப்ளெக்ஸ் மாறிட்டு. ‘மைத்துனர் உயிர் மீட்ட மாவீரரே வருக வருக.’ படம் அதே வேட்டிப் படம்தான். இன்னைக்குக் காலைல மண்டபத்து வாசல்ல அத அண்ணாந்து பாத்தேன். அந்தப் படத்த எடுத்த அரை மணி நேரத்துலதான அவனக் கொல்லப் பாத்தேன்னு தோணுச்சு. மேடையில கூப்பிட்டு மால போட்டாவ. மைக்கக் குடுத்தாவ. நானும் மனசத் தேத்திட்டுச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. ‘நான் காப்பாத்தல. என்னாலதான் அவன் பொதைஞ்சான். ஏறக் கூடாத நேரத்துல நான்தான் ஏறச் சொன்னேன். நிக்கச் சொன்ன எடத்துல நிக்காம எறங்கினதும் நான்தான். தோண்டி எடுத்தது அங்ரூப்’னு சொல்லிட்டேன்.

என்ன நடந்துதுன்னு நெனைக்கீங்க? கை தட்டினாவ! மண்டபம் பூராவும் கை தட்டுச்சு. எங்க மாமனார் கண்ணத் தொடைச்சுட்டு, ‘பாத்தீங்களாவே, எவ்வளவு பெரிய மனசு! பழியத் தந்தலையில போட்டுக்கிடுதாரு’ங்காவ. வெரல்ல மோதிரத்தப் போட்டு விட்டாவ. இன்னா, இதான். கழட்டிரலாம்னு பாக்கேன், வெரலு வீங்கிருக்கு, வர மாட்டேங்கி. மேடைக்குக் கீழ பாலவேசம் கட்டுப் போட்ட கையோட நிக்கான். அவனும் இருக்க ஒத்தக் கையால தொடையில தட்டுதான்.

ஒரே ஒரு ஆளுதான் தட்டல, எம்பொண்டாட்டி வேலம்மா. பந்தி முடிஞ்ச பொறவு, பாத்திரம் அடுக்குத எடத்துல வந்து நின்னா. ‘ஏங்க, மேடையில சொன்னது நெசமா?’ன்னா.

‘நெசந்தான்.’

‘அவன் வேண்டாம்னு சொல்லலையா?’

எனக்கு அப்பாடான்னு இருந்துது. நம்ம கேள்விய அவளே கேட்டுட்டா! ‘அதத்தாம்ட்டி நானும் கேக்கேன். ஒத்த வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா அவன்?’னேன்.

‘நமக்குக் கல்யாணமாகி இருவது வருசமாச்சு. எங்க வீட்டுல யாராவது ஒருத்தராவது ஒங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நான் சொல்லிருக்கேனா?’ன்னா. யோசிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. அவ சொல்ல வாயெடுத்தது ஞாபகம் இருக்கு. பல தடவ வாயெடுத்திருக்கா. சொல்லி முடிச்சது ஒண்ணு கூட ஞாபகம் இல்ல. ‘நான் ஒரு மாசம் அம்மாகிட்ட இருந்துட்டு வாரேன்’னுட்டுப் போயிட்டா. இருக்கட்டுமான்னு கேக்கல, பாத்துக்கிடுங்க. நான் ‘ம்’முன்னேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு பாலவேசம்தான் கூட வந்தான். கையில கட்டோட எம்பையத் தூக்க வாரான், நான் குடுக்கல. இந்த சீட்டுல எடம் புடிச்சு உக்காந்துட்டு ஜன்னல் வழியாக் கேட்டேன். மனசுக்குள்ள போட்டு அரிச்சுட்டே இருந்துதுல்லா. ‘ஏம்லே, நீ அன்னைக்கு வேண்டாம்னு சொல்லிருந்தா நான் கேட்டிருப்பேம்லா?’

பதிலுக்குக் காத்திருக்க எனக்குத் தாங்காது. ஒடனே நானே ஆரம்பிச்சுட்டேன். ‘சரி விடுலே, போனது போச்சு. கை சரியாவட்டும். வார மாசிக்கு மறுபடி வாரேன். இந்தத் தடவ எண்ணெய் இல்ல, வேட்டி இல்ல. நீ சொல்லுத மாதிரி கேக்கேன். என்ன?’ன்னேன்.

‘வேண்டாம் அத்தான்’னான்.

எனக்குச் சரியா வெளங்கல. ‘வார மாசிக்குள்ள கை சரியாயிரும்லே’ன்னேன்.

‘கை சரியாயிரும். ஒங்களக் கூட்டிட்டுப் போவ மாட்டேன். மலைக்கு ஒங்ககூட நான் இனி வர மாட்டேன் அத்தான்.’

கொரல ஒசத்தல. தலையக் குனியல. எங்கண்ணப் பாத்துத்தான் சொன்னான். எனக்கு வந்துது பாருங்க கோவம்! யாரப் பாத்து என்ன சொல்லுதான்? மேடையில எனக்கு மால போட்ட வீட்டுப் பய! ஜன்னல் கம்பிய இறுக்கிப் புடிச்சுட்டேன். அவன் நின்னு பாத்தான், நான் கத்துவேன்னு எதிர்பாத்தான் போல. நான் கத்தல. கத்த வரல. ‘சரி, வெயில்ல நிக்காத, போ’ன்னேன். ‘வாரேன்’னுட்டுப் போனான். எப்பவும் பஸ்சு கெளம்பி முக்கு திரும்புத வரைக்கும் நின்னு கையாட்டுதவன், இன்னைக்கு வண்டி ஸ்டார்ட் பண்ணுததுக்கு முன்னாலயே நடந்துட்டான். நல்லா நிமிந்து போறான்.

வலிக்கத்தான் செய்யுது, இல்லன்னு சொல்ல மாட்டேன். நீங்க ஏறும்போது நான் மூஞ்சியத் தொடைச்சுட்டு இருந்தது வேர்வையா இருக்கும்னு நெனைச்சிருப்பீங்க. ஆனா ஒண்ணு தெரியுமா அண்ணாச்சி, அவன் வாயிலருந்து அந்த ‘வேண்டாம்’ வந்துட்டுல்லா! அந்தப் பனிக்குள்ளருந்து அவன் இருமினானே, அன்னைக்குக் கூட எனக்கு இவ்வளவு சந்தோசம் வரல. இத வீட்டுல போயிச் சொல்லலாம்னா அவ அங்கனயே இருந்துட்டா. அதான் ஒங்ககிட்ட சொன்னேன்.